ஒரே பாய்லர்ல ரெண்டு சூடு: ரேடியேட்டருக்கு எவ்வளவு, குழாய்க்கு எவ்வளவு?

2023 நவம்பர் 18, காலை. பாலக்கோட்டான்

சொந்த ஊர் பாலக்கோடு. இப்ப இங்கிலாந்துல வாடகை வீடு, குடி வந்து ரெண்டு மாசம் ஆகுது. சமையலறைச் சுவத்துல ஒரு கேஸ் பாய்லர் மாட்டியிருக்கு. அதுல ரெண்டு திருகு. ஒண்ணுக்குப் பக்கத்துல ரேடியேட்டர் (சுடுதண்ணி உள்ளே ஓடி ரூமைச் சூடாக்கற இரும்புப் பலகை) படம், இன்னொண்ணுக்குப் பக்கத்துல குழாய் படம். முன்னாடி இருந்தவங்க ரெண்டையும் கடைசி வரைக்கும் திருகி வெச்சிருந்தாங்க. கேஸ் பில்லைப் பார்த்துட்டு நான் ரெண்டையும் பாதிக்குக் கொண்டுவந்தேன். கூட வேலை செய்யறவர், "தண்ணி 60 டிகிரிக்குக் கீழ போனா கிருமி வரும்"னு பயமுறுத்தறார். எனக்கு என்ன தோணுதுன்னா, உள்ளே எரியறது ஒரே நெருப்பு. ஒரே நெருப்புல ரெண்டு சூடு எப்படி வரும்? ஒரு திருகுதான் வேலை செய்யும், இன்னொண்ணு சும்மா. சரிதானே?

2023 நவம்பர் 18, இரவு. குழாய்க்காரர், கெலமங்கலம்

சரியில்லை தம்பி. ரெண்டு திருகும் வேலை செய்யும்.

2006லிருந்து 2017 வரைக்கும் அங்கேதான் குழாய் வேலை பார்த்தேன். கேஸ் பக்கம் கை வெச்சதில்லை, அதுக்குத் தனிப் பதிவு வேணும். ரேடியேட்டர், தொட்டி, குழாய், வால்வு, இதெல்லாம் என் வேலை.

நெருப்பு ஒண்ணுதான், ஆனா ரெண்டு வேலையும் ஒரே நேரத்துல நடக்காது. வீட்ல ஒரே அடுப்புல பாலைக் காய்ச்சி எறக்கிட்டு அப்புறம் உலை வைக்கறோமில்ல, அந்தக் கணக்கு. நீ குழாயைத் திறந்ததும் உள்ளே ஒரு வால்வு திரும்பிக்கும். ரேடியேட்டருக்குப் போயிட்டிருந்த சூடு அத்தனையும் குழாய்த் தண்ணிக்கு வந்துடும். குழாயை மூடினதும் மறுபடி ரேடியேட்டர் பக்கம் போயிடும். நீ குளிக்கிற பத்து நிமிஷம் ரேடியேட்டர் காத்துட்டு இருக்கும், வீடு அதுக்குள்ள ஆறிப்போகாது. எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கத்துத் திருகைப் பார்த்து நெருப்பைக் கூட்டும், குறைக்கும்.

ரேடியேட்டரை 60ல வை. குழாயையும் 60ல வை. கூட வேலை செய்யறவர் சொல்ற கிருமி நிஜம்.

2023 நவம்பர் 19, விடியக்காலை

நேத்து ராத்திரி அவசரத்துல எழுதினதுல ஒண்ணு தப்பு. குழாயை 60ல வைன்னு சொன்னதை விட்டுடு. தூக்கம் வரலை, எழுந்து எழுதறேன்.

60ங்கறது தொட்டியில தேக்கி வைக்கிற தண்ணிக்கான கணக்கு. உன் வீட்ல தொட்டி இருக்கான்னு கேட்காமலே சொல்லிட்டேன். மாடி அலமாரியைத் திறந்து பார். பச்சையா நுரை ஒட்டின செப்புத் தொட்டியோ, வெள்ளை உருளையோ நின்னுட்டு இருக்கா? இருந்தா உன் கதை வேற. இல்லைன்னா உன்கிட்ட இருக்கறது காம்பி பாய்லர். அது தண்ணியைத் தேக்கறதில்லை, ஓடற தண்ணியை ஓடற ஓட்டத்துல சூடாக்கும். கிருமி குடியிருக்க அங்கே வெதுவெதுப்பா நிக்கற தண்ணி கிடையாது. அப்படின்னா 48லிருந்து 50 வரைக்கும் போதும்.

லெஜியனெல்லாங்கற அந்தக் கிருமி 1976ல அமெரிக்காவுல பிலடெல்பியா ஊர் ஹோட்டல்ல ஒரு மாநாட்டுக்கு வந்தவங்களுக்கு நிமோனியா வந்தப்பதான் வெளியே தெரிஞ்சது. 20லிருந்து 45 டிகிரி வரைக்கும் அதுக்கு நல்ல சூடு, பெருகிட்டே இருக்கும். 60ல நிலைக்காது. குடிச்சா வர்றதில்லை, ஷவர்ல கிளம்பற பொடித் துளியை மூச்சுல இழுத்தா வரும். அதனாலதான் தொட்டி வெச்சிருக்கறவங்களை 60ல தேக்குன்னு அங்கே சொல்றாங்க.

2023 நவம்பர் 19, மதியம். பாலக்கோட்டான்

தொட்டி இல்லைங்கண்ணா. வீடு பூரா தேடிட்டேன். காம்பிதான். குழாயை 50ல வெச்சுட்டேன். இப்ப பச்சைத் தண்ணி கொஞ்சமா கலந்தாலே கைக்குச் சரியா வருது. பில் எவ்வளவு குறையும்?

2023 நவம்பர் 19, இரவு

குழாய்த் திருகால பெருசா ஒண்ணும் குறையாது. முன்னாடி 65ல வரவெச்சு, பச்சைத் தண்ணி கலந்து 40ல குளிச்சே. இப்ப 50ல வரவெச்சு, கொஞ்சமா கலந்து அதே 40ல குளிக்கறே. உடம்புல விழற தண்ணி ஒண்ணுதான், அதுக்குச் செலவான சூடும் ஏறத்தாழ ஒண்ணுதான். அங்கே குறைக்கறது கை வெந்துபோகாம இருக்கறதுக்கும், உள்ளே உப்புப் படியாம இருக்கறதுக்கும். காசு இருக்கறது ரேடியேட்டர் திருகுல.

எப்படின்னு சொல்றேன், கொஞ்சம் நீளும். கேஸ் எரியும்போது சூடு மட்டும் வர்றதில்லை, தண்ணியும் வருது. ஒரு கன மீட்டர் கேஸ் எரிஞ்சா ஒன்றரை கிலோ அளவுக்குத் தண்ணி ஆவியாப் புகையோட சேர்ந்து போகும். தண்ணியை ஆவியாக்கறதுக்கு எவ்வளவு விறகு தின்னும்னு நமக்குத் தெரியும். அத்தனை சூட்டையும் அந்த ஆவி தூக்கிட்டுப் போயிடுது. மொத்தச் சூட்டுல பத்துல ஒரு பங்கு. இங்கிலாந்துல 2005 ஏப்ரலுக்கு அப்புறம் மாட்டின கேஸ் பாய்லர் அனேகமா எல்லாமே கண்டன்சிங் வகை. புகையைக் குளிரவெச்சு, ஆவியைத் தண்ணியாக்கி, அந்தச் சூட்டைத் திரும்பப் பிடிக்கிறது. ஆனா புகையைக் குளிரவைக்கறது எது? ரேடியேட்டரைச் சுத்திட்டுத் திரும்பி வர்ற தண்ணிதான். அது 55க்கு மேல சூடா வந்தா ஆவி படியாது. சட்டியில கொதிக்கும்போது மூடியும் சூடா இருந்தா மூடியில வேர்க்காது, அதே சங்கதி.

நீ ரேடியேட்டரை 75, 80ல வெச்சா திரும்பற தண்ணி 60க்கு மேலயே வரும். கண்டன்சிங் பாய்லரை வாங்கி மாட்டி, அதோட வேலையைச் செய்ய விடாம வெச்சிருக்கறதா அர்த்தம். நான் போன வீடுகள்ல முக்கால்வாசி இப்படித்தான் இருந்தது. 2022 குளிர்ல அந்த ஊர் அரசாங்கமே காம்பி வெச்சிருக்கறவங்க ரேடியேட்டருக்குப் போற தண்ணியை 60க்கு எறக்குங்கன்னு சொல்லிச்சு.

பாய்லர்லேர்ந்து வெள்ளை பிளாஸ்டிக் குழாய் ஒண்ணு சாக்கடைக்குப் போகும். ரேடியேட்டர் ஓடும்போது அதுல தண்ணி சொட்டுதான்னு பார். சொட்டினா நீ காசு சேர்க்கறேன்னு அர்த்தம்.

2023 நவம்பர் 26. பாலக்கோட்டான்

55ல வெச்சேன். சொட்டுது! ஆனா பின்பக்கத்து ரூம் சூடாகவே மாட்டேங்குது. பாப்பா தூங்கற ரூம். வீட்டுக்காரி என்னைப் பார்க்கற பார்வையே சரியில்லை. திரும்ப 70க்கு ஏத்திடட்டுமா?

2023 நவம்பர் 26, இரவு

ஏத்தாதே. பாப்பாவை ஒரு வாரத்துக்கு முன்ரூம்ல படுக்க வை. அதுக்குள்ள சரிபண்ணிடலாம்.

இதை மொதல்லயே சொல்லாம விட்டது என் தப்பு. ரேடியேட்டர்ல சராசரி 70 டிகிரி தண்ணி இருந்து அது 50க்கு எறங்கிச்சுன்னா, 20 டிகிரி ரூமுக்கு அது கொடுக்கற சூடு பாதி ஆயிடும். முன்னாடி மாதிரி காலைல ஒரு மணி நேரம் போட்டு அணைக்கறது இனி நடக்காது. குறைஞ்ச சூட்டுல நேரம் கூடுதலா ஓடணும். எழுந்திருக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே ஆரம்பிக்கற மாதிரி டைமரை வை. நேரம் கூடுதேன்னு பயப்படாதே.

பின்ரூம் விஷயம் வேற. பாய்லர்லேர்ந்து வர்ற தண்ணி பக்கத்துல இருக்கற ரேடியேட்டர்லயே சுத்தி ஓடிவந்துடுது, தூரத்துக்குப் போக மாட்டேங்குது. ஏரித் தண்ணியில தலைமடைக்காரன் மடையை முழுசாத் திறந்து வெச்சா கடைமடை காயும், அதேதான். ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் கீழே ரெண்டு பக்கம் வால்வு இருக்கும். ஒண்ணுல எண் போட்டிருக்கும், அதை விடு. இன்னொண்ணுல வெள்ளைத் தொப்பி, உள்ளே சதுரத் தண்டு. பாய்லருக்குப் பக்கத்துல இருக்கறதை எல்லாம் முழுசா மூடி, அப்புறம் அரைச் சுத்து மட்டும் திற. தூரத்துல இருக்கறதை முழுசாத் திற. ஒரு மணி நேரம் ஓடவிட்டு ஒவ்வொண்ணையும் தொட்டுப் பார். ரேடியேட்டரோட மேல்பாகம் சுட்டு, அடிப்பாகம் வெதுவெதுன்னு இருந்தா நல்லது. மேலயும் கீழயும் ஒரே மாதிரி சுட்டா அதுல தண்ணி வேகமா ஓடுது, இன்னும் கொஞ்சம் மூடு. மேலே ஜில்லுன்னு கீழே சுட்டா உள்ளே காத்து நிக்குது, மேல்மூலைச் சாவியைத் திருகி சீறல் நிக்கற வரைக்கும் விட்டுடு. துணி பிடிச்சுக்கோ, கறுப்பா தண்ணி வரும், கம்பளத்துல பட்டா போகவே போகாது.

பாய்லர் மூடியை மட்டும் கழட்டாதே. அது கேஸ் சேஃப், அதாவது அங்கே கேஸ் வேலைக்கான பதிவு, உள்ளவங்க மட்டும்தான் திறக்கணும். வெளியே இருக்கற திருகு உன்னுது, உள்ளே இருக்கறது அவங்களுது.

2023 டிசம்பர் 3. பாலக்கோட்டான்

பின்ரூம் 19 டிகிரி வந்துடுச்சு. முன்பக்கத்து ரெண்டையும் முக்கால்வாசி மூடினேன். கடைமடைன்னு சொன்னதும் அப்பா ஞாபகம் வந்துடுச்சு. அண்ணா, இவ்வளவு தெரிஞ்சுவெச்சுட்டு கெலமங்கலத்துல என்ன பண்றீங்க? அங்கே ரேடியேட்டரா இருக்கு?

2023 டிசம்பர் 3, இரவு

இருக்கு. மனுஷனுக்கு இல்லை, புழுவுக்கு.

அக்கா சாக்கி வளர்த்துக் கொடுக்குது. பட்டுப்புழுவோட முதல் ரெண்டு பருவம், கண்ணுக்கே தெரியாத குஞ்சுகளைப் பக்குவமா வளர்த்து, சுத்துப்பட்டுக் கிராமத்து விவசாயிங்களுக்குக் கொடுக்கற வேலை. அவங்க வளர்த்துக் கூட்டைத் தருமபுரி அங்காடிக்குக் கொண்டுபோவாங்க. சாக்கிக்கு ரூம் 27, 28 டிகிரி இருக்கணும், ஈரம் 85லிருந்து 90 சதம். பெரும்புழு ஆனா 24, 25 போதும், ஈரமும் 70 கிட்ட வந்தா நல்லது. தளி, கெலமங்கலம் பக்கம் மார்கழி விடியல் எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியும். வெள்ளைக்காரன் தளியைக் குட்டி இங்கிலாந்துன்னு சொன்னான்னு சொல்லுவாங்க. அந்தக் குளிர்ல புழு இலை தின்னாம சுருண்டு படுத்துக்கும்.

அக்கா கரி அடுப்பு வெச்சிருந்தது. கதவை மூடிட்டு உள்ளே கரி. நான் ஊருக்கு வந்த மொத மாசமே அதைப் பார்த்துப் பதறிட்டேன். மூடின ரூம்ல கரி கனிஞ்சா வர்ற விஷக்காத்துக்கு வாசனை கிடையாது, கண் எரியாது, ஆளைப் படுக்கவெச்சே முடிச்சுடும். அக்காவுக்கு அடிக்கடி தலைவலி. புழுவுக்கும் அது ஆகாது. போதாததுக்கு நெருப்பு ஈரத்தை உறிஞ்சி இலையை வாட வைக்கும்.

2018ல அதைத் தூக்கிப் போட்டுட்டு வெளியே ஒரு விறகு பாய்லர் கட்டினேன். இருநூறு லிட்டர் தொட்டி, மேலே திறந்த காத்துக்குழாய். அந்தக் காத்துக்குழாய் இல்லாம யாரும் விறகு பாய்லர் கட்டாதீங்க, கொதிச்சா வெடிக்கும். தொட்டி உள்ளே ஒரு செப்புச் சுருள். சுருள்ல ஓடற தண்ணி புழு ரூம் சுவரோரம் குழாய்ல சுத்தி வரும், சின்ன பம்பு. தொட்டித் தண்ணி குளிக்கறதுக்கு. ரெண்டு தண்ணியும் ஒண்ணோட ஒண்ணு கலக்காது. உன் வீட்ல இருக்கற அதே ரெண்டு திருகு சமாச்சாரம்.

ஆனா நான் திருகு வைக்கலை. ஒரே சூடு வெச்சேன். அங்கேதான் தப்பு ஆரம்பிச்சுது.

2023 டிசம்பர் 4

விட்ட இடத்துலேர்ந்து.

மொத ஈடு, அதாவது மொதத் தொகுதிப் புழு வளர்த்தப்ப, தொட்டி 65ல இருந்தது. அதே சூடு குழாய்ல ரூமுக்குள்ள போச்சு. ரூம் நடுவுல தெர்மாமீட்டர் 28 காட்டிச்சு, நான் சந்தோஷமா இருந்தேன். அக்காதான் தட்டை எடுத்துக் காட்டுச்சு. சுவரோரம் கீழ் அடுக்குல இருந்த தட்டுல இலை ஓரம் சுருண்டு காகிதம் மாதிரி மொறுமொறுன்னு இருந்தது. அந்தத் தட்டுப் புழுங்க ஒரு நாள் முன்னாடியே தோலுரிக்கத் தலையைத் தூக்கிட்டு நின்னுச்சு. மேல் அடுக்குல இருக்கறது இன்னும் தின்னுட்டு இருக்கு. சாக்கியில எல்லாப் புழுவும் ஒண்ணா தின்னு, ஒண்ணா தூங்கி, ஒண்ணா எழுந்திருக்கணும். முன்னாடி பின்னாடி ஆச்சுன்னா வாங்கிட்டுப் போறவங்களுக்குக் கடைசி வரைக்கும் தொல்லை.

ரெண்டாவது ஈட்டுக்குத் தொட்டியை 45க்கு எறக்கினேன். ரூம் பிரமாதம். மேல் அடுக்கு, கீழ் அடுக்கு வித்தியாசமே இல்லை. ஆனா அந்தக் குளிர்காலம் பூரா குளிக்கற தண்ணி தொட்டியில 45ல, விறகு அணைஞ்சா 35ல, நாள் கணக்குல நின்னுட்டு இருந்தது. லெஜியனெல்லாவுக்கு இதைவிட நல்ல வீடு கட்டித்தர முடியாது. வயசான அம்மா அதுலதான் குளிச்சாங்க. ஒண்ணும் ஆகலை, ஆனா 11 வருஷம் அந்த ஊர்ல தொட்டிக்குத் தொட்டி தெர்மாமீட்டர் போட்டுப் பார்த்தவன் சொந்த வீட்ல இதைச் செய்யலாமா?

மூணாவதா, தொட்டியை 68க்கு ஏத்தினேன். ரூமுக்குப் போற பக்கத்துல மூணு வாய் வால்வு ஒண்ணு போட்டேன். சுருள்லேர்ந்து வர்ற சூடான தண்ணியோட, ரூமைச் சுத்தி ஆறிவந்த தண்ணியைக் கலந்து 42ல திரும்ப அனுப்பும். தொட்டி ஒரு சூடு, ரூம் ஒரு சூடு. அதுக்கப்புறம் புழுவுக்கு ஒரு குறையும் இல்லை.

2023 டிசம்பர் 10

இதை எழுத வேணாம்னு ஒரு வாரமா இருந்தேன். எழுதாம விட்டா மத்ததெல்லாம் எழுதினதுல அர்த்தமில்லை.

தொட்டி 68ல இருந்தது. ரூமுக்குக் கலந்து போச்சுன்னு சொன்னேன். குளியலறைக் குழாய்க்கு அப்படியே 68ல போச்சு. பக்கெட் வைக்க வசதியா குழாயைத் தாழ்வா போட்டிருந்தேன். 2019 தை மாசம். பேரனுக்கு அப்ப நாலு வயசு. மண்ணுல விளையாடிட்டு வந்து கை கழுவக் குழாயைத் திறந்திருக்கான். குழாய்ல நின்னுட்டு இருந்த தண்ணி மொதல்ல ஜில்லுன்னு வந்திருக்கு. கையை நீட்டிட்டு நின்னிருக்கான். ஆறேழு விநாடி கழிச்சு தொட்டித் தண்ணி வந்துச்சு.

60 டிகிரித் தண்ணி பெரியவங்க தோலையே அஞ்சு விநாடியில ஆழமா வேகவெச்சுடும். இது 68, குழந்தைத் தோல். நான் ஓடிப்போய்ப் பார்த்தப்ப புறங்கைத் தோல் வெங்காயச் சருகு மாதிரி நழுவி விரல் பக்கம் வந்திருந்தது. அவன் கத்தலை. கையை நீட்டினபடியே என்னைப் பார்த்துட்டு நின்னான். வீட்ல யாரோ பேஸ்ட் தடவிட்டாங்க. ஆஸ்பத்திரியில அதைக் கழுவி எடுக்கும்போதுதான் கத்தினான்.

பேஸ்ட், இங்க், மாவு, மஞ்சள் எதுவும் வேணாம். ஓடற பச்சைத் தண்ணியில 20 நிமிஷம் கையை வைக்கணும். ஐஸ் கூடாது. அப்புறம் ஆஸ்பத்திரி.

தழும்பு இன்னும் இருக்கு. புழுவுக்கு விளாவிக் கொடுத்தேன், பேரனுக்கு விளாவிக் கொடுக்கலை.

2023 டிசம்பர் 11. பாலக்கோட்டான்

படிச்சுட்டு ராத்திரி எழுந்துபோய் எங்க குழாய்த் தண்ணியில தெர்மாமீட்டர் வெச்சுப் பார்த்தேன். திருகு 50, குழாய்ல 49. இன்னும் குறைக்கட்டுமா? பாப்பாவுக்கு ஒன்றரை வயசு.

2023 டிசம்பர் 11, இரவு

48 வை. அந்த ஊர்லயே 2010லிருந்து புதுசா கட்டற வீட்டுல குளியல் தொட்டிக்கு வர்ற தண்ணி 48ஐத் தாண்டாதபடி வைக்கணும்னு விதி. அதுக்காக 48 பத்திரம்னு நினைச்சுடாதே, குழந்தைக்கு அதுவும் சுடும். மொதல்ல பச்சைத் தண்ணி, அதுமேல சுடுதண்ணி, முழங்கையை விட்டுப் பார்த்து அப்புறம் பாப்பா. உங்க ஆயா செஞ்ச அதே வரிசை.

விளாவறதுன்னு நேத்து எழுதினேன். அந்த வார்த்தையை எழுதும்போதுதான் இது உறைச்சுது. நம்ம வீட்ல செப்பு அண்டாவுல தண்ணியை நல்லா கொதிக்கக் காய்ச்சி, தனியா அடுக்குல மொண்டு, பச்சைத் தண்ணி விட்டு விளாவி ஊத்தினாங்க. தேக்கறது ஒரு சூடு, உடம்புல படறது ஒரு சூடு. அண்டாவையே வெதுவெதுன்னு காய்ச்சி வெச்சு யாரும் குளிச்சதில்லை. பேரன் கை வெந்தப்புறம் குளியலறைக்குப் போட்ட வால்வு அந்த வேலையைத்தான் செய்யுது. சுடுதண்ணி ஒரு வாய், பச்சைத் தண்ணி ஒரு வாய், உள்ளே மெழுகு வெச்ச சின்னக் குப்பி. சூடு கூடினா மெழுகு உப்பி சுடுதண்ணி வாயை நெருக்கும். பச்சைத் தண்ணி நின்னுபோனா சுடுதண்ணியையும் அடைச்சுடும். குளிச்சுட்டிருக்கும்போது மேல்தொட்டி காலியானா கொதிதண்ணி மட்டும் தலையில ஊத்தாது.

2024 ஜனவரி 7. பென்னாகரம் டீச்சர்

அண்ணா, நடுவுல கேட்கறேன். எங்க வீட்ல 15 லிட்டர் கீசர், போர் தண்ணி. ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை உள்ளே தண்ணியைச் சூடாக்கற கம்பி போயிடுது. சூட்டைக் குறைச்சா கம்பி நிக்குமா? இன்னொண்ணு, கீசர் தண்ணி காய்ஞ்ச தண்ணிதானேன்னு மாமியார் சமையலுக்குப் பிடிக்கிறாங்க. ஃபுளோரைடு போயிடும்னு நினைக்கறாங்க.

2024 ஜனவரி 7, இரவு

டீச்சரம்மா, ரெண்டாவது கேள்விக்கு மொதல்ல. காய்ச்சினா ஃபுளோரைடு போகாது. தண்ணிதான் ஆவியாப் போகும், ஃபுளோரைடு அங்கேயே நிக்கும், கொதிக்கக் கொதிக்க அடர்த்தி கூடத்தான் செய்யும். நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் பல்லுல பழுப்பு விழுந்த ஜனங்களைப் பார்த்துத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்துச்சு, 2013ல. குடிக்க, சமைக்க அந்தத் தண்ணி. போர் தண்ணி குளிக்க, துவைக்க. கீசர் தண்ணி சமையலுக்கு வேணவே வேணாம்.

இப்ப கம்பி. போன வாரம் ராயக்கோட்டையில ஒரு கீசரைக் கழட்டினேன். தூக்கும்போதே உள்ளே ஜல்லி குலுங்கற சத்தம். கவுத்தா ரெண்டு கை நிறைய வெள்ளைச் சில்லு. கம்பி மேல கோழிமுட்டை ஓடு கனத்துக்குப் படிஞ்சு இருந்தது. அந்த ஓட்டைத் தாண்டிச் சூடு தண்ணிக்குப் போக முடியாம கம்பி தனக்குள்ளயே வெந்து அறுந்துடுது. தண்ணி சூடாகச் சூடாக உப்பு கூடுதலாப் பிரியும், 60க்கு மேல ரொம்ப வேகம். அதனால 75ல வெச்சிருந்தா 60க்கு எறக்குங்க.

50க்கு எறக்கலாமேன்னு கேப்பீங்க. வேணாம்னு நினைக்கறேன். கீசரும் தேக்கற தொட்டிதான். போதாததுக்குக் கணக்குப் பாருங்க. 60 டிகிரியில 15 லிட்டர் இருந்தா, 20 டிகிரிப் பச்சைத் தண்ணி 15 லிட்டர் கலந்து 40 டிகிரியில 30 லிட்டர் குளிக்கலாம். 50ல தேக்கினா ஏழரை லிட்டர்தான் கலக்க முடியும், மொத்தம் இருபத்திரண்டரை. ரெண்டாவது ஆளுக்குத் தண்ணி பத்தாது. 60, கூடவே வருஷத்துக்கு ஒருதரம் கழட்டிச் சுத்தம் பண்ணி, உள்ளே இருக்கற மெக்னீசியம் கம்பியை மாத்துங்க. அந்தக் கம்பி தொட்டிக்குப் பதிலாத் தன்னை அரிச்சுக்கிற கம்பி. மெக்கானிக் பாதிப்பேர் அதைப் பார்க்கறதே இல்லை. கேட்டு மாத்த வையுங்க.

மொட்டைமாடியில சோலார் வெச்சிருக்கறவங்களுக்கும் சொல்றேன். பங்குனி, சித்திரையில அது 70, 80 கூடப் போகும். அதுக்குத் திருகே கிடையாது. குழந்தைங்க இருக்கற வீட்ல விளாவற வால்வு இல்லாம சோலார்த் தண்ணியை நேரா ஷவருக்கு விடாதீங்க.

2024 ஜனவரி 28. பாலக்கோட்டான்

அண்ணா, வீடு மாறறோம். இதே ஊர்லதான். புது வீட்ல மாடி அலமாரியில வெள்ளைத் தொட்டி இருக்கு, நீங்க சொன்ன மாதிரியே! பாய்லர்ல ஒரே ஒரு திருகு. 55ல வைக்கலாமா?

2024 ஜனவரி 28, இரவு

வைக்கக் கூடாது. உன் மொதல் கேள்வி அந்த வீட்டுக்குப் பொருந்தும் தம்பி. நிஜமாவே ஒரே சூடுதான் அங்கே. பாய்லர்லேர்ந்து கிளம்பற ஒரே தண்ணி ரேடியேட்டருக்கும் போகும், தொட்டிச் சுருளுக்கும் போகும். 55ல கிளம்பற தண்ணி தொட்டியை 60 ஆக்காது. எத்தனை மணி நேரம் ஓடினாலும் 52, 53ல நின்னுடும், தொட்டியில கட்டியிருக்கற தெர்மோஸ்டாட் போதும்னு சொல்லாது, பாய்லர் வெட்டியா ஓடிட்டே இருக்கும். காம்பி வீட்டுக்குச் சொன்ன கணக்கைத் தொட்டி வீட்ல போட்டா என் ரெண்டாவது ஈட்டுக் கதைதான்.

இப்போதைக்குத் திருகை 70ல வை. தொட்டி தெர்மோஸ்டாட்டை, அது தொட்டியோட இடுப்புல கட்டியிருக்கும், 60ல வை. தொட்டியும் ரேடியேட்டரும் ஒரே நேரத்துல ஓடாம டைமரைப் பிரி. தொட்டிக்கு விடியக்காலை ஒரு மணி நேரம். 70ல கண்டன்சிங் கொஞ்சம் குறையத்தான் செய்யும், சுகாதாரத்தை விட்டுக் காசைப் பிடிக்க வேணாம்.

வீட்டுக்காரர் ஒத்துக்கிட்டா பதிவு பெற்ற ஆளை வரவெச்சு, சுடுதண்ணிக்கு முன்னுரிமை தர்ற அமைப்பு அந்த பாய்லர்ல செய்ய முடியுமான்னு கேளு. தொட்டி கேட்கும்போது மட்டும் பாய்லர் 70க்கு ஏறும், ரேடியேட்டருக்கு 50, 55 ஓடும். புது பாய்லர் நிறையதுல அந்த வசதி உண்டு, ஒயரிங் மாத்தணும். வெளியே குளிர் எவ்வளவுன்னு பார்த்து ரேடியேட்டர் சூட்டைத் தானே கூட்டிக் குறைக்கிற சென்சாரும் சிலதுல மாட்டலாம். நான் பார்த்ததுலயே நல்ல வேலைப்பாடு அதுதான்.

2024 ஜனவரி 29

விட்டுப்போனது. தொட்டி வீட்ல குழாய்க்கு 60 வரும். பாப்பா இருக்கு. தொட்டியிலேர்ந்து வெளியே வர்ற குழாய்லயோ, குளியல் தொட்டிக்குக் கீழயோ விளாவற வால்வு இருக்கான்னு குடிபோறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோ. இல்லைன்னா போடச் சொல்லு. போட்டாத்தான் சாவி வாங்கறேன்னு சொல்லு.

2024 பிப்ரவரி 11. பாலக்கோட்டான்

போட்டுட்டாங்க! நான் கேட்டதும் அந்த ஆள், இது எப்படி உனக்குத் தெரியும்னு கேட்டார். எங்க ஊர்ல ஒரு அண்ணன் புழுவுக்கு ரேடியேட்டர் வெச்சிருக்கார்னு சொன்னேன். நம்பலை.

2024 பிப்ரவரி 11, இரவு

அக்காகிட்ட படிச்சுக் காட்டினேன். தட்டுல இருக்கற புழுவைப் போட்டோ எடுத்து அனுப்பு, நம்புவார்னு சொல்லுச்சு. இந்த ஈட்டுக் குஞ்சு ரெண்டாவது தோலுரிச்சு நாளைக்குப் போகுது.

இன்னைக்கு நம்ம வீட்டு வால்வுல 42ல வர வேண்டிய தண்ணி 46ல வந்துச்சு. கழட்டினேன். வலையில மணல், மெழுகுக் குப்பியைச் சுத்தி வெள்ளை வளையம். நம்ம போர் தண்ணிக்கு ஆறு மாசம் தாங்கறதில்லை. வினிகர்ல அரை மணி நேரம் ஊறவெச்சு, பழைய பல்துலக்கற பிரஷ்ஷால தேய்ச்சு மறுபடி மாட்டினேன். ரெண்டு நிமிஷம் ஓடவிட்டுத் தெர்மாமீட்டர் வெச்சேன். 42. பேரனுக்கு இப்ப ஒன்பது வயசு, பக்கத்துலயே நின்னு நான் படிச்ச எண்ணை அவனும் ஒருதரம் படிச்சுப் பார்த்துட்டுத்தான் குளிக்கப் போனான்.